குழந்தையின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தச் சம்மதிக்கலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: தாமிரபரணியில் மூழ்கி மீட்கப்பட்ட என் தங்கையின் 4 வயது மகன், 20 நாட்களாகப் பாளையங்கோட்டையில் வென்டிலேட்டரில் இருக்கிறான், மூளை மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையில், கருவியை அகற்றச் சம்மதிப்பது கொலையாகுமா என்று அவள் கேட்கிறாள்.

பதில் 1: ஆகாது, அண்ணாச்சி. மீள வழியில்லாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சையளிக்கும் மருத்துவருடன் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்கள் கொண்ட முதற்குழுவும், பின்னர் இரண்டாம் குழுவும் உடன்பட வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது வேறு. அது இன்றும் குற்றமே.

பதில் 2: குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். கருவியை எடுத்தாலும் வலி தணிக்கும் மருந்து நிற்கக் கூடாது. மகனைத் தாய் மடியில் வைத்துக்கொள்ள இடம் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். (செலவைச் சொல்லி அவசரப்படுத்தும் உறவினரைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.)

கேட்டவர்: முதற்குழுவின் அறிக்கையை நாளை கேட்கிறோம்; அதைப் படிக்காமல் அவள் கையெழுத்திட மாட்டாள்.