ஒரே ஒரு ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் லுக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் "தோல் கிருமி" என்று விட்டுவிடலாமா?

தட்டுக்காரி (லேப்):
இந்த வாரம் ஒரு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பாட்டிலில் வைத்துப் பார்ப்பது). இரண்டு பாட்டிலில் ஒன்றில்தான் வளர்ந்தது. "கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப், தோலிலிருந்து கலந்திருக்கலாம்" என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். (டியூபில் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, உறைய வைக்காத ஸ்டாஃப் கிருமிகளுக்கு அந்தப் பெயர்.) எனக்கு மனசு ஒப்பவில்லை. முதல் நாள் தட்டில் கொலோனிகள் (கிருமிக் கூட்டங்கள்) குண்டூசி முனை அளவு. இரண்டாம் நாள் சில பெரிதாக, சில சிறிதாக, இரண்டு கிருமி கலந்த மாதிரி. ஸ்லைடில் பிளாஸ்மா விட்டதும் திரிதிரியாகத் திரண்டது. டியூபில் மறுநாள் வரை உறையவே இல்லை. கிருமியின் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் மெஷினில் வைத்தேன்: ஸ்டாஃபிலோகாக்கஸ் லுக்டுனென்சிஸ். பெயரோடுதான் ரிப்போர்ட் போக வேண்டும் என்கிறேன்.

வார்டு டாக்டர்:
மேடம், ஒற்றை பாட்டிலில் வளரும் கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப் பெரும்பாலும் ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஏறியதுதான். நீங்கள் புதுப் பெயர் போட்டதும் ஜூனியர் பயந்து வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றுவார். இந்தக் கிருமி இடுப்பு, தொடையிடுக்குத் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கிறது. மூக்கில் இருந்தால் நன்மைகூட உண்டு. 2016இல் ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் இதிலிருந்து லுக்டுனின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது கடுமையான நோய் தரும் ஸ்டாஃப் ஆரியஸையே அடக்குகிறது.

பூவரசு:
நான் மருத்துவத் துறை இல்லை. அம்மாவின் காலில் ஆறாத புண். மேலாகத் துடைத்து எடுத்த ஸ்வாபில் ஏதோ ஒரு ஸ்டாஃப் பெயர் வந்தது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஆனாலும் பல நாள் வேன்கோமைசின் டிரிப். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறி, பயந்துபோய் நிறுத்தினார்கள். பெயர் எழுதுவது உங்களுக்கு ஒரு வரி மேடம், படுக்கையில் இருப்பவருக்கு அப்படி இல்லை.

தட்டுக்காரி (லேப்):
பூவரசு, அம்மாவுக்கு நடந்தது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. புண்ணின் மேல் துடைத்தால் அங்கே குடியிருப்பதெல்லாம் வரும். ரத்தம் அப்படி இல்லை.

டாக்டர், மூக்கில் நல்லது செய்வது இதய வால்விலும் நல்லதாக இருக்க வேண்டியதில்லையே! 1988இல் பிரான்ஸின் லியோனில் முதலில் விவரித்தார்கள், அந்த நகரத்தின் பழைய லத்தீன் பெயரான லுக்டுனம்தான் இதன் பெயரில் இருக்கிறது. அப்போதிருந்தே டாக்டர்கள் திரும்பத் திரும்ப எழுதுவது ஒன்றுதான்: தோலில் குடியிருக்கும் எபிடெர்மிடிஸ் என்ற ஸ்டாஃபின் தங்கை மாதிரி தெரியும், ஆரியஸ் மாதிரி கடிக்கும். செயற்கை வால்வு இல்லாதவருக்கும் சொந்த வால்வையே அரித்து, சுற்றிலும் சீழ் கட்டி, ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும். இந்த இதய வால்வு நோய்த்தொற்றை (எண்டோகார்டைட்டிஸ்) உறுதிசெய்ய டாக்டர்கள் பார்க்கும் டியூக் அளவுகோலை 2023இல் திருத்தியபோது, அதற்கான வழக்கமான கிருமிகளில் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் வேன்கோமைசின். பெயர் தெரியாதபோதுதான் அது ஏறுகிறது! "கோஆகுலேஸ் நெகட்டிவ்" என்று மட்டும் எழுதினால் மெதிசிலின், ஆக்சசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காது என்று நினைத்துத்தான் தொடங்குவார்கள். லுக்டுனென்சிஸில் பெரும்பாலானவை ஆக்சசிலினுக்கு அடங்கும், பல பெனிசிலினுக்கே அடங்கும். எவ்வளவு ஆக்சசிலினுக்கு அடங்குகிறது என்ற அளவைக்கூட ஆரியஸுக்கான வரம்புக் கோட்டில் வைத்துத்தான் படிக்கிறோம், மற்ற கோஆகுலேஸ் நெகட்டிவ்களுக்கு உள்ள கோட்டில் இல்லை. பெயர் இல்லாமல் அதை எப்படிப் படிப்பது?

வார்டு டாக்டர்:
அந்தக் கடைசி விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒற்றை பாட்டிலை வைத்து நோய் என்று நான் இன்னும் சொல்ல மாட்டேன். பெயர் போடுங்கள். கூடவே எத்தனை பாட்டிலில் எத்தனை, எத்தனை மணி நேரத்தில் வளர்ந்தது, இதையும் எழுதுங்கள். மறுபடி கல்ச்சர் எடுக்காமல் மருந்து தொடங்க வேண்டாம் என்று போனிலும் சொல்லுங்கள். நோயாளியின் இதயத்தில் முணுமுணுப்பு (மர்மர்) ஏதாவது கேட்கிறதா?

பூவரசு:
ஸ்வாபுக்கும் இதே மாதிரி "நோய் அறிகுறி இருந்தால் மட்டும்" என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

தட்டுக்காரி (லேப்):
முடியும் பூவரசு. சேர்க்கச் சொல்லி எங்கள் டாக்டரிடம் இன்றே கேட்கிறேன்.

வார்டு டாக்டர், 17 மணி நேரத்தில் வளர்ந்தது. முணுமுணுப்பு உண்டு, பழையதா புதியதா என்று தெரியவில்லை, நாளைக்கு எக்கோ (இதய ஸ்கேன்). காலையில் வேறு வேறு கையில் இரண்டு செட் எடுத்தாயிற்று. நான்கு பாட்டிலும் இப்போதுதான் மெஷினில் ஏறின.