3,200 ரூபாய்க்கு ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர்: கொடுக்கலாமா?

மேசைமேல்_ரோபோ:

இவ்வளவு நாள் நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தவன், இதுதான் முதல் கேள்வி. ஹாஸ்ப்ரோ கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் பிளாக் சீரிஸ் பொம்மை வரிசையில் வருகிற ஆறு அங்குல ஸ்டார்ம்ட்ரூப்பரை, அதாவது அந்தப் படங்களில் வரும் வெள்ளைக் கவச வீரனை, எங்கள் ஊரில் ஒருவர் 3,200 ரூபாய்க்குத் தருகிறார். பெட்டி பிரிக்காதது என்கிறார். எனக்கு வேண்டியது அலுவலக மேசையில் நிற்க ஒன்று, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் விலையைச் சொன்னதும் "ஒரு பொம்மைக்கா?" என்று ஒரு பார்வை வந்தது, அதற்குப் பயந்து "பின்னாடி நல்ல விலைக்குப் போகும்" என்று சொல்லிவைத்தேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. ஹாட் டாய்ஸ் மாதிரி விலை உயர்ந்த கம்பெனிப் பொம்மைக்கெல்லாம் போக வசதியில்லை. இந்த விலைப் பொம்மையில் காசுக்குத் தகுந்த சரக்கு இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பழையபெட்டி:

தம்பி, வீட்டில் சொன்ன அந்தக் காரணத்தை முதலில் வாபஸ் வாங்கிவிடுங்கள். பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்கு ஏன் விலை என்றால், யாரும் அவற்றைச் சொத்தாக நினைத்து வாங்கவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்கு, அப்போது இந்தப் பொம்மைகளைச் செய்த கென்னர் கம்பெனியிடம் பொம்மையே தயாராக இல்லை, பொம்மை பிறகு வரும் என்று அட்டை உறைக்குள் ஒரு சான்றிதழை வைத்து விற்றார்கள், லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நான்கும் 1978-ல்தான் தபாலில் போய்ச் சேர்ந்தன. அப்புறம் பிள்ளைகள் அவற்றை மண்ணில் புதைத்தார்கள், துப்பாக்கியைத் தொலைத்தார்கள், நாய் கடித்தது. மிச்சம் இருப்பதற்குத்தான் மவுசு. 1995-ல் அதே கென்னர் பெயரில் மறுபடி வந்தபோது ஆளாளுக்கு நாலு நாலாக வாங்கிப் பிரிக்காமல் பரணில் அடுக்கினார்கள், இன்றைக்கு அதில் பெரும்பாலானவற்றை வாங்கிய விலைக்குக் கூட யாரும் கேட்பதில்லை. பிளாக் சீரிஸ் ஸ்டார்ம்ட்ரூப்பரும் அந்த ஜாதிதான், திரும்பத் திரும்ப அச்சில் வார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

விலைக்கு வருவோம். இந்த வரிசை 2013-ல் தொடங்கியபோது அமெரிக்காவில் 20 டாலர், பிறகு 25 வரை ஏறியது. நம் ஊரில் பொம்மை இறக்குமதித் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி 2021 ஜனவரியிலிருந்து. அதனால் 3,200 என்பது பகல் கொள்ளை இல்லை, மலிவும் இல்லை.

நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள் மட்டும் சரியான ஆள். குறைந்த விலைப் பொம்மை முதலில் மண்ணைக் கவ்வுவது முகத்தில்தான்: கண் ஒரு பக்கம் பார்க்கும், புருவம் நெற்றிக்கு ஏறியிருக்கும், நடிகரின் சாயலே இருக்காது. சில வருடமாக முகத்தை அச்சடிக்கிறார்கள், அதனால் பரவாயில்லை, ஆனாலும் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஹெல்மெட் போட்டவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வெள்ளை உடம்பு, நாலு கறுப்புக் கோடு. அந்தக் கோடுகள் நேராக இருந்தால் பெயின்ட் விஷயம் முடிந்தது.

அடுத்தது மூட்டு. எத்தனை மூட்டு என்று எண்ணாதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு அது. ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு ஒரே பரீட்சைதான்: துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் குறி பார்க்க முடிகிறதா? தோள் கவசம் இடித்துக்கொண்டு கை நெஞ்சுக்குக் குறுக்கே வரவில்லை என்றால் இருபது மூட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. பிறகு கணுக்கால். பாதம் பக்கவாட்டில் சாய வேண்டும், அப்போதுதான் காலை அகட்டி வைத்தாலும் உள்ளங்கால் தரையில் படியும். அது தொளதொள என்று இருந்தால் மின்விசிறி போட்டதும் உங்கள் வீரர் குப்புற விழுவார்.

சிங்கைவாசி:

அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. பெட்டிக்கு ஜன்னல் உண்டா? பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று ஹாஸ்ப்ரோ கொஞ்ச காலம் முழுக்க அட்டையால் மூடிய பெட்டியில் அனுப்பியது, பிறகு 2023-ல் ஜன்னலைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். அந்த மூடிய பெட்டிதான் ஆபத்து. நான் இப்படி ஒன்று வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே வேறொரு பழைய பொம்மை, அதுவும் ஒரு கை இல்லாமல். யாரோ வாங்கி, ஆளை மாற்றிவைத்து, கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சீல் ஒட்டிய டேப் இரட்டையாக இருக்கிறதா, ஓரத்தில் அட்டை உரிந்திருக்கிறதா பாருங்கள். "பிரிக்காதது" என்ற வார்த்தைக்காக நூறு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள், நீங்கள்தான் பிரிக்கப்போகிறீர்களே.

அப்புறம் வெயில். வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னலோரத்தில் மஞ்சள் பூக்கும்.

நிப்பர்_ராஜா:

எல்லோரும் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. ஆறு அங்குல உறைந்த வீரனுக்கு 3,200 கொடுப்பதற்குப் பதில் ஜப்பானின் பண்டாய் கம்பெனி விற்கிற கண்டம் (Gundam) ரோபோ கிட், அதாவது நாமே பாகங்களை மாட்டிக் கட்டுகிற பொம்மை, ஒன்று வாங்கலாமே? 1980-ல் முதல் 1/144 அளவு கண்டம் 300 யென். 2020-ல் புதியவர்களுக்கென்று வந்த என்ட்ரி கிரேடு ஆர்எக்ஸ்-78-2 (அதே முதல் கண்டம் ரோபோ) வரியோடு சேர்த்து 770 யென், பசை வேண்டாம், கத்திரி கூட வேண்டாம், பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து கையாலேயே பிய்த்து மாட்டலாம். நிறம் பிளாஸ்டிக்கிலேயே வந்துவிடும், பெயின்ட் வழிந்திருக்கிறது என்ற புலம்பலே இல்லை. இங்கே வந்து சேரும்போது விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும், ஆனாலும் உங்கள் பட்ஜெட்டுக்குள்தான். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நீங்களே கட்டியது என்ற சந்தோஷம் வேறு. எனக்குக் காசுக்கு மதிப்பு என்றால் அந்த இரண்டு மணி நேரமும் சேர்த்துத்தான்.

பழையபெட்டி:

ராஜா, அவர் கேட்டது ஸ்டார்ம்ட்ரூப்பர். பசித்தவன் இட்லி கேட்டால் நீங்கள் மாவரைக்கச் சொல்லித் தருகிறீர்கள். (கிட் நல்ல கிட்தான், என்னிடமும் இரண்டு இருக்கிறது.)

நிப்பர்_ராஜா:

மாவரைத்தால் நாளைக்குத் தோசையும் சுடலாம் அண்ணே.

மேசைமேல்_ரோபோ:

நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத பெட்டி. சிங்கைவாசி சொன்ன மாதிரி டேப்பைத் தடவிப் பார்த்ததும் விற்பவரே சிரித்துக்கொண்டு "திறந்து பாருங்க" என்றார், நல்ல மனுஷன். உள்ளே சரியான ஆள்தான். கறுப்புக் கோடுகள் நேராக இருந்தன, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடிக்கிறான், கணுக்காலும் இறுக்கம். ஆனால் இடது முட்டி அசையவே இல்லை. பயந்துகொண்டே காட்டினேன், 2,600-க்குத் தந்துவிட்டார். அலுவலகத்தில் ஜன்னல் பக்கம் வைக்காமல் உள்பக்கமாகத்தான் வைப்பேன். முட்டியை என்ன செய்வது?

பழையபெட்டி:

பலம் போட்டுத் திருப்பிவிடாதீர்கள், உள்ளே இருக்கிற முளை முறிந்துவிடும். பெரும்பாலும் பெயின்ட்டோ பிளாஸ்டிக்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். காலை மட்டும் வெந்நீரில் அரை நிமிடம் முக்குங்கள், கொதிக்கிற நீர் வேண்டாம், அல்லது ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். இளகியதும் மெதுவாக முன்னும் பின்னும்.

மேசைமேல்_ரோபோ:

நன்றி அண்ணா. ஹேர் டிரையர் வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன். இன்னும் தரவில்லை, வெந்நீர்தான் போட வேண்டும்.