ஹுவேயில் விடியாத காலை, ஐந்து லட்சம் டாங், ஒரு ஜோடி செருப்பு

தனியாகப் போன ஊரில் மழையோடு ரயிலைப் பிடித்த கதை என்றால் எனக்கு வியட்நாமின் ஹுவேதான். நான் போனது நவம்பரில். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்களில்தான் அங்கேயும் கொட்டும் என்று படித்துவிட்டுத்தான் போனேன், ஆனால் விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் நமக்குப் புத்தி வேலை செய்யாது இல்லையா. மூன்று நாளும் மழை. அரண்மனைக் கோட்டையைக் குடைக்குள்ளிருந்தே பார்த்து முடித்தேன்.

நாலாம் நாள் தெற்கே இருக்கும் டா நாங் நகரத்துக்குப் போக ரயில். முந்தின நாள் ஹனோயில் கிளம்பி வரும் வண்டி, ஹுவேக்கு விடிகாலை ஐந்து மணிவாக்கில். நாலேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால் வரவேற்பறையையே காணோம்! அங்கே சின்ன விடுதிகளில் ராத்திரியானால் வீட்டு பைக், தங்குகிறவர்கள் பைக் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றி ஷட்டரை இழுத்துவிடுவார்கள். ஏழெட்டு பைக்குகளுக்கு நடுவில் ஒரு மடக்குக் கட்டில், அதில் விடுதிக்காரரின் அப்பா. எழுப்பவும் மனசில்லை, எழுப்பாமல் வழியும் இல்லை. ஒரு பைக்கின் கண்ணாடியில் என் பை இடித்து அதுவே எழுப்பிவிட்டது.

மனுஷன் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் எழுந்து, பைக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஷட்டரைத் தூக்கினார். வெளியே சாலையே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. ஆப்பில் பைக் டாக்ஸி போட்டேன், பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ரயிலடி இரண்டு கிலோமீட்டர்தான், நடந்துவிடலாம் என்று சைகையில் சொன்னேன். தாத்தா என் ஷூவைப் பார்த்தார், வெளியே பார்த்தார், உள்ளே போய் என் அறைக் குளியலறை ரப்பர் செருப்பை எடுத்துவந்து முன்னால் போட்டார். ஷூவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவரே பைக்கின் கொக்கியில் மாட்டினார். ஏறு என்றார். அந்தச் சொல் புரியவில்லை, ஆனால் வேறென்ன சொல்லியிருப்பார்.

அந்த ஊர் மழைக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. முன்பக்கம் தொங்கும் பகுதியில் ஹெட்லைட் வெளிச்சம் போவதற்காகக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கை வைத்துத் தைத்திருப்பார்கள். தாத்தாவின் கோட்டில் பின்னால் இருப்பவருக்குத் தலைக்கு இடம் கிடையாது, கோட்டுக்குள் புகுந்துகொள்ள வேண்டியதுதான். ஆக ஹுவேயிடமிருந்து நான் விடைபெற்றது ஒரு தாத்தாவின் முதுகைப் பார்த்தபடி. நறுமண ஆறு பக்கத்தில்தான் ஓடியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது கீழே ஓடும் தண்ணீரும் என் செருப்பில் மார்க்கரால் எழுதியிருந்த 203 என்ற எண்ணும்தான்.

ரயிலடியில் இறங்கியதும் பணம் நீட்டினேன், கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எதிரே தார்ப்பாய் கட்டிய ஒரு காப்பிக் கடை. நம் ஃபில்டரின் சின்னத் தம்பி போல ஒரு தகரச் சாதனம், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் கருப்பு டிகாக்ஷன், அடியில் இனிப்பான டின் பால். விலை பதினைந்தாயிரம் டாங், அதுதான் அந்த ஊர்ப் பணம். இருட்டில் நீல நோட்டு ஒன்றைக் கொடுத்தேன், அந்த அக்கா ஐயாயிரம் மீதி கொடுத்தார், கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வியட்நாம் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இருபதாயிரம் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் நோட்டும் நீலம் மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் ஹோ சி மின் படம். முன்னது நம் காசில் எழுபது ரூபாய்க்குள், பின்னது ஆயிரத்து அறுநூறைத் தாண்டும். பாலிமர் நோட்டு என்பதால் நனைந்தால் கிழியாது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியில் ஏறினால் என் ஜன்னல் சீட்டில் ஒரு பையன் குறுக்கே படுத்துத் தூங்குகிறான். அவன் அம்மா காலைப் பிடித்து இழுத்து இடம் பண்ணிக்கொடுத்தார். உட்கார்ந்து காப்பியை ஒரு வாய் குடித்திருப்பேன், பெட்டி வாசலில் ஏதோ சத்தம். டிக்கெட் பார்த்த ஊழியர் என்னைக் கைகாட்ட, பின்னால் சொட்டச் சொட்ட நனைந்தபடி அந்தக் காப்பி அக்கா. கையில் என் ஐந்து லட்சம். விளக்கில் பிடித்துக் காட்டினார். எனக்கு வயிறு ஒரு கணம் இறங்கி ஏறியது, அது என் இரண்டு நாள் செலவுக்கான பணம். சரியான இருபதாயிரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கூட ஒரு ஐம்பதாயிரம் நீட்டினேன், கையில் ஒரு தட்டு தட்டினார். அப்புறம் என் காலைப் பார்த்து 203-ஐச் சுட்டிக்காட்டி அப்படி ஒரு சிரிப்பு. ஊழியரும் சிரித்தார், சீட்டுப் பையனின் அம்மாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வண்டி நகர்ந்த பிறகுதான் யோசித்தேன், ஷூ எங்கே? தாத்தாவின் பைக்கில்.

வழி அழகு. இந்தத் தடத்தில் தெற்கே போனால் இடது பக்க ஜன்னல் கேளுங்கள், கடல் அங்கேதான். ஹனோய் முதல் சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், எல்லாமே மீட்டர் கேஜ், எங்கள் மதுரைப் பக்கத்துப் பழைய வண்டிகளின் அதே ஆட்டம். லாங் கோ என்ற கடலோர ஊரைத் தாண்டி ஹாய் வான் மலையில் வண்டி ஊர்ந்துதான் ஏறும். பெயருக்கே கடல் மேகம் என்றுதான் அர்த்தம், அன்று கடல் எது மேகம் எது என்று பிரிக்கவே முடியவில்லை. சுரங்கத்துக்குள் போவோம், வெளியே வந்தால் வெள்ளை, மறுபடி சுரங்கம். மலைக்கு அந்தப் பக்கம் மழை குறையும் என்பார்கள், டா நாங்கில் வெறும் தூறல்தான்.

அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து ஒரு படம் வந்தது: உள்ளே செய்தித்தாள் திணித்து, மின்விசிறிக்கு முன்னால் காயவைத்திருந்த என் ஷூ. பஸ்ஸில் அனுப்புகிறோம் என்றார்கள். நான் மறுநாளே டா நாங்கிலிருந்து ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். அம்மா அந்தச் செருப்பை எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போட்டுக்கொண்டு போகிறார். இரண்டு வருஷமாகியும் 203 அழியவில்லை.