வெப்சைட் செய்ய ஃப்ரீலான்சர்: பாதிப் பணம் முன்னாலேயே கேட்கிறார்

பினாங்கு லெபோ பாசாரில் எங்களுக்குச் சேலைக்கடை. தீபாவளிக்கு முன் வெப்சைட் வேண்டும். டிசைன் ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் தயார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும், எஃப்பிஎக்ஸ் (மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக இணையத்தில் பணம் கட்டும் முறை) வழியாக வாடிக்கையாளர்கள் பணம் கட்ட முடிய வேண்டும். கோலாலம்பூர் ஃபிரண்ட் எண்ட் ஆள் (வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைச் செய்பவர்) ஒருவர் பாதிப் பணத்தை முன்னால் கேட்கிறார். சரியா?

பதில் 1:
பாதி கொஞ்சம் அதிகம்தான். முதலில் ஒரே ஒரு பக்கத்தைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், சேலை விவரப் பக்கம் என்றால் நல்லது. அதை உங்கள் அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டில் திறந்து பாருங்கள். அந்த ஃப்ரீலான்சருடைய மேக்புக்கில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்! தமிழில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பட்டன்கள். ஆங்கிலத்தில் 'Buy' என்று மூன்றெழுத்தில் முடிவது தமிழில் 'கூடையில் சேர்க்கவும்' என்று நீளும், பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் எழுத்துக்கு மேலே வரும் புள்ளியும் சுழியும் மேல்வரியில் முட்டும். இதையெல்லாம் தானாகக் கவனிக்கிறாரா என்று பாருங்கள், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

பதில் 2:
எஃப்பிஎக்ஸ் அவர் வேலை மட்டும் இல்லை அக்கா. பணம் வந்ததா என்று சர்வர் பக்கம்தான் (வெப்சைட்டுக்குப் பின்னால் இயங்கும் கணினியில்) உறுதி செய்ய வேண்டும். அதை யார் செய்வது என்று இப்போதே கேளுங்கள். டொமைன் (வெப்சைட் முகவரி), கிட்ஹப் (கோடைச் சேமித்து வைக்கும் கணக்கு) இரண்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கேட்டவர்:
டொமைன் அண்ணன் பெயரில் இருக்கிறது. சர்வருக்கு ஆள் இல்லை. ஷாப்பிஃபை என்ற ஆயத்த ஆன்லைன் கடைச் சேவையிலேயே செய்துவிட்டால் அந்தத் தொல்லை இருக்காதா?

பதில் 2:
பெரும்பாலும் இருக்காது. அப்புறம் அவருக்கு வேலையும் குறையும், விலையைத் திரும்பப் பேசுங்கள்.