கதவைச் சாத்திட்டு உள்ளே வாங்க

காப்பிக் கொட்டை வாங்கக் கால் மணி நேரம் போதும் என்று நினைத்துத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். வெளியே வரும்போது அரை நாள் போயிருந்தது.

கடை என்றால் இரண்டே அறை. முன்னறையில் வறுக்கும் இயந்திரமும் சணல் மூட்டைகளும். பின்னறையில் தேயிலை. நடுவே கனமான ஒரு கதவு. கணவன், மனைவி இருவர்தான் நடத்துகிறார்கள். "காப்பி அவர் பாடு, தேயிலை என் பாடு" என்று அந்த அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். நான் கதவைப் பாதி திறந்தபடி நின்று ஏதோ கேட்டேன். "கதவைச் சாத்திட்டு உள்ளே வாங்க. இல்லேன்னா அந்தப் பக்கமே நில்லுங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சரி, காப்பிப் பக்கமே நிற்போம் என்று திரும்பிவிட்டேன்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. அக்காவின் கணவர் அப்போதுதான் 5 கிலோ பச்சைக் கொட்டையை நிறுத்து வைத்திருந்தார். சாம்பல் கலந்த பச்சை நிறம், காப்பி வாசனை துளியும் கிடையாது. சூடான உருளைக்குள் கொட்டியதும் வெப்பமானியின் எண் சரசரவென்று இறங்கி, பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. பக்கவாட்டில் ஒரு சின்னக் கரண்டி செருகியிருக்கிறது. அதை உருவி உருவி என் மூக்கின் அருகே நீட்டினார். முதலில் நனைந்த வைக்கோல் வாசனை. மஞ்சளானதும் ரொட்டி வாட்டும் வாசனை. அதற்கப்புறம் மூக்கைக் குத்தும் ஒரு புளிப்பு.

"இனிமே பேசாதீங்க, காது வேணும்" என்றார். 196 டிகிரி வாக்கில் பட், பட் என்று மக்காச்சோளம் பொரிவதுபோலச் சத்தம். கொட்டைக்குள் இருக்கும் நீராவியும் வாயுவும் அழுத்தம் தாங்காமல் உடைத்துக்கொண்டு வருகிற முதல் வெடிப்பு அது. விட்டால் 225 டிகிரியை ஒட்டி இரண்டாவது வெடிப்பும் வருமாம், சருகு நொறுங்குவது போல மெல்லிய சத்தத்தோடு. அவர் அதுவரை போகவில்லை. முதல் வெடிப்பு தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் உருளையின் கதவைத் திறந்து தட்டில் கொட்டிவிட்டார். கீழே காற்றாடி இழுக்க, மேலே ஒரு கை கிளறிக்கொண்டே இருந்தது. ஆற விடாமல் வைத்தால் கொட்டை தன் சூட்டிலேயே இன்னும் வறுபட்டுக்கொண்டிருக்கும் என்றார். ஆறியபின் நிறுத்தால் நாலேகால் கிலோதான். நீர் போய்விட்டது, தோல் உதிர்ந்துவிட்டது. ஆனால் பார்வைக்கு முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது, ஒவ்வொரு கொட்டையும் அப்படி உப்பியிருந்தது.

தட்டில் அங்கங்கே வெளிறிய கொட்டைகள் கிடந்தன. பழுக்காத காயிலிருந்து வந்தவை. சர்க்கரை சேராததால் நிறம் ஏறாதாம். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். காய்ந்த வேர்க்கடலைத் தோல்போல இருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் சேர்ந்து பொறுக்கினேன். அப்போதுதான் அக்கா கதவைத் திறந்து, "இப்ப கையைக் கழுவிட்டு வாங்க" என்று கூப்பிட்டார்.

உள்ளே எல்லாம் இறுக மூடிய தகர டப்பாக்கள். தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்து அறையில் நாள் முழுக்கக் காப்பி வறுத்தால் என்ன ஆகும்? "மல்லிகைத் தேயிலை எப்படிச் செய்றாங்கன்னு நினைச்சீங்க? ராத்திரி மொட்டு விரியும்போது இலையோட கலந்து வைப்பாங்க. காலையில பூவை எடுத்துட்டு, மறுபடி புதுப் பூ. இலைக்கு அந்தக் குணம் இருக்கிறதாலதான் அது முடியுது. அதே குணந்தான் எனக்குத் தலைவலி."

வெள்ளை, பச்சை, ஊலாங், கறுப்பு எல்லாம் ஒரே கமெலியா சினென்சிஸ் செடி என்று படித்திருக்கிறேன். இலை எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைய விடுகிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசமே. படித்தது வேறு, நாக்கில் பட்டது வேறு. ஒரே பச்சைத் தேயிலையை இரண்டு கோப்பையில் போட்டார். ஒன்றில் 75 டிகிரி நீர், ஒன்றில் கொதிக்கக் கொதிக்க. முதலாவது இதமாக, லேசான இனிப்போடு இருந்தது. இரண்டாவது நாக்கைப் பிடித்து இழுத்தது. "வீட்டில குடிக்கிறது ரெண்டாவதுதானே?" என்றார். பதில் சொல்லவில்லை.

காப்பி ஒரு பை, பச்சைத் தேயிலை ஒரு காகிதப் பொட்டலம் வாங்கி வந்தேன். அன்று சாயங்காலமே காப்பி போட்டேன். தண்ணீர் ஊற்றியதும் தூள் நுரைத்துப் பொங்கியது. பெருமையாகத்தான் இருந்தது. குடித்தால் வெடுக்கென்ற புளிப்பு, சாரமே இல்லை. இதற்கா அரை நாள்?

* * *

உங்கள் காப்பிக் கதையைப் படித்தேன். உங்கள் கடைக்காரர் வறுத்த தேதியாவது எழுதித் தந்திருப்பார். எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. கண்ணாடி ஜாடியில் கொட்டைகள் எண்ணெய் மினுமினுக்க இருந்தன. "எப்போது வறுத்தது?" என்றேன். "எங்ககிட்ட எப்பவுமே புதுசுதான்" என்று பதில். அந்த மினுமினுப்பைப் புத்துணர்ச்சி என்று நம்பி வாங்கினேன். அடர்வாக வறுத்தால் எண்ணெய் தானாக வெளியே வந்துவிடும், வந்த எண்ணெய் காற்றுபட்டுச் சீக்கிரம் சிக்குநாற்றம் அடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. கறுக வறுத்துவிட்டால் கொட்டையின் குறையும் தெரியாது, குணமும் தெரியாது. இப்போதெல்லாம் தேதி சொல்லாத இடத்தில் பை திறப்பதில்லை.

* * *

நானும் படித்தேன். இப்படிக் காப்பி வறுக்கும் ஓர் இடத்தில் சில மாதம் வேலை பார்த்தவன் நான். முதல் வெடிப்பு நேரத்தில் கைப்பேசி அடித்தது, எடுத்தேன். அவ்வளவுதான், ஒரு உருளைக் கொட்டையும் கருகிப் போச்சு. உதிர்ந்த தோல் சேரும் பெட்டியை அன்று துடைக்காமல் விட்டிருந்ததால் புகையும் கிளம்பிவிட்டது. அந்தத் தோல் பஞ்சு மாதிரி பற்றும். முதலாளி திட்டவில்லை. அந்தக் கருகலையே ஒரு வாரம் என்னைக் காப்பி போட்டுக் குடிக்கச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

உங்கள் காப்பியின் புளிப்புக்கு வருகிறேன். வறுத்த அன்றே போட்டீர்கள் அல்லவா? கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும். அந்த நுரையே அதுதான். வாயு வெளியேறும் வேகத்தில் தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்காது. 5, 6 நாள் பையைத் தொடாமல் வையுங்கள்.

* * *

நீங்கள் சொன்னபடியே என் பையைத் தொடாமல் வைத்தேன். நீங்கள் சொன்னது சரி. ஆறாம் நாள் அதே பையிலிருந்து போட்டது வேறு காப்பி. புளிப்பு பழப் புளிப்பாக மாறி, பின்னால் ஒரு இனிப்பும் வந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பையிலேயே எழுதியிருந்தேனே" என்று சிரித்தார். நான் படிக்கவில்லை.

ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பையில் வாயு வெளியேற ஒரு சின்ன வால்வு உண்டு. உள்ளிருந்து வெளியே மட்டும் விடும். ஆறு நாளும் அந்தப் பை அலமாரியில் இருந்தது, தேயிலைப் பொட்டலத்துக்கு ஒட்டினாற்போல. நேற்று 75 டிகிரிக்கு நீரை ஆறவைத்து, நேரம் பார்த்து, பொறுமையாகப் பச்சைத் தேநீர் போட்டேன்.

காப்பி வாசனை. அக்காவிடம் எந்த முகத்தோடு போய் இன்னொரு பொட்டலம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.