அம்மாவுக்குப் பெடிக்யூர்: வேலூரில் சுத்தமான ஸ்பா எது?

வணக்கம். நாங்கள் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். அம்மா பல வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் நின்றபடியே வேலை பார்த்தவர். தம்பி கல்யாணத்துக்கு முன்னால் அவரை ஒரு நல்ல ஸ்பாவுக்கு அழைத்துப்போய் மெனிக்யூர், பெடிக்யூர் செய்துவிட ஆசை. காசு கூட ஆனாலும் பரவாயில்லை. காட்பாடி, காந்தி நகர் பக்கம் என்றால் வசதி, ராணிப்பேட்டை வரைக்கும் வருவோம்.

கவலை ஒன்றுதான். அம்மாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியும் குறைவு. தண்ணீரின் சூடோ சின்னக் கீறலோ அவருக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டிவிட்டோம், புண் எதுவும் இல்லை, கவனமாகச் செய்யலாம் என்றார்.

கருவிகளை டெட்டாலில் முக்கி எடுக்கும் இடம் வேண்டாம். கருவிகளைக் கவரில் போட்டு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது வைத்து, அந்தக் கவரை நம் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டியும் வேண்டாம். 2000-இல் கலிஃபோர்னியாவில் ஒரே நக சலூனுக்குப் போன நூறு பேருக்கு மேல் காலில் கட்டி வந்தது. தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்த முடியிலும் அழுக்கிலும் கிருமி இருந்ததாம். சாதாரண பேசினே போதும். குதிகாலை பிளேடால் சீவக் கூடாது, நகத்தோரத் தோலை வெட்டக் கூடாது. இதைச் சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்கிற ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்?

நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ போய்வந்த இடமாகச் சொல்லுங்கள். தோராயக் கட்டணமும் சொன்னால் நல்லது. அப்புறம், மாடியில் இருந்தால் லிஃப்ட் உண்டா?