அரிச்சல்முனைக்கு ரோடு போட்டது தப்பா?

ஊர்சுத்தி:
2012ல தனுஷ்கோடி போனப்ப முகுந்தராயர் சத்திரத்தோட தார் ரோடு முடிஞ்சிடும். அங்கேர்ந்து வேன்ல, மணல்லயும் தேங்கின தண்ணியிலயும் குலுங்கிக் குலுங்கிப் போகணும். இடிஞ்ச சர்ச் கிட்ட இறங்கினா காத்துச் சத்தம் மட்டும்தான். கண்ணுக்கு எட்டின வரைக்கும் நாங்க ஆறு பேர். போன மாசம் மறுபடி போனேன். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியற அரிச்சல்முனை வரைக்கும் கார் வரிசை, ஹாரன், மணல்ல சிப்ஸ் கவர். 2017ல அந்த ஒன்பதரை கிலோமீட்டர் ரோட்டைத் திறந்த அன்னிக்கே அந்தக் கடற்கரை செத்துச்சு. மறுக்கிறவங்க வாங்க.

பாம்பன்காத்து:
நான் மறுக்கிறேன் அண்ணே. எங்க அம்மாச்சி குடிசை அங்கதான், கரைவலை இழுக்கிற குடும்பம். நீங்க ரசிச்ச அதே அமைதியில ஒரு ராத்திரி எங்க சித்திக்கு வலி எடுத்துச்சு. மீன் வண்டியைப் பிடிச்சு, டயர் மணல்ல புதைஞ்சு, ஆம்பளைங்க எல்லாம் தள்ளி, ராமேஸ்வரம் போய்ச் சேர விடிஞ்சுருச்சு. பிள்ளை தங்குனது சாமி புண்ணியம். மீனுக்கும் அதே கதை, வண்டிக்காரன் சொன்னதுதான் விலை. இப்ப எங்க மாமா ஐஸ் பெட்டியை பைக்ல கட்டிக்கிட்டு அவரே போயிட்டு வர்றாரு.

ஊர்சுத்தி:
தம்பி, ஆஸ்பத்திரிக்கு ரோடு வேணாம்னு எவன் சொன்னான்? ஆயிரம் கார் எதுக்குன்னுதான் கேக்குறேன். மனுஷன் கை படாத கடற்கரை தமிழ்நாட்டுல வேற எங்க மிச்சம் இருக்கு?

பாம்பன்காத்து:
கை படாததா! அண்ணே, 1914லேர்ந்து போட் மெயில் வந்து நின்ன ஊரு அது. ரயிலை விட்டு இறங்கி, கப்பல் ஏறி, இலங்கையில இருக்கிற தலைமன்னார் போவாங்க. ஸ்டேஷன், தபாலாபீஸ், கஸ்டம்ஸ் எல்லாம் இருந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்லேர்ந்து வந்த பாசஞ்சர் ரயிலே கடலுக்குள்ள போச்சு. அப்புறம் குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு அரசாங்கம் சொல்லிருச்சு. நீங்க ரசிச்சது ஒரு ஊரோட எழவு வீட்டு அமைதி. அந்த உப்புக்காட்டுலயும் எங்க அம்மாச்சி கையால மணலைத் தோண்டி, ஊறி வர்ற நல்ல தண்ணியைச் சிரட்டையில மோந்து மோந்து குடத்துல ஊத்தும். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம். அதையும் போட்டோ எடுத்துட்டுத்தான் போனாங்க.

புள்ளினம்:
நடுவுல வர்றேன். ரெண்டு பேரும் மனுஷனையே பேசுறீங்க. பங்குனி ஆமை அந்த மணல்லதான் முட்டையிடுது. குஞ்சு பொரிச்சு வெளிய வந்ததும் வெளிச்சமா இருக்கிற பக்கம் போகும். கடல் பக்கம் போக வேண்டியது, கார் ஹெட்லைட்டைப் பாத்தா ரோட்டுக்கு வரும். 2025ல பூநாரைகளுக்காக அங்க சுமார் 525 ஹெக்டேரைச் சரணாலயமா அறிவிச்சாங்க. பறவை நிக்கிறது அந்தக் கழிமுகத்துச் சேத்துலதான். செல்ஃபிக்காக அதுல இறங்கி ஓடுறவங்களை நானே பாத்திருக்கேன்.

ஊர்சுத்தி:
எழவு வீடுன்னது சுருக்குன்னு இருந்துச்சு. சரி, "கை படாத"ங்கிறதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா காரை சத்திரத்தோட நிறுத்தணும்ங்கிறதுல மாத்தமில்ல. ஊர்க்காரங்க வண்டி, ஆம்புலன்ஸ், டவுன் பஸ் மட்டும் உள்ள போகட்டும்.

பாம்பன்காத்து:
அப்ப முனையில சங்கு, பாசிமணி விக்கிற எங்க அத்தை? பஸ்ல வர்றவன் அவசரமா இறங்கி அவசரமா ஏறுவான். காரை நிறுத்தணும்னா அதுக்குப் பதிலா எங்க ஆளுங்க வேன் ஓட்டட்டும், பழையபடி. வெளியூர் கான்ட்ராக்ட்காரன் வந்தான்னா நானே மறியலுக்கு உக்காருவேன். குப்பை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம்தான். கரைவலையில மீனுக்குச் சமமா பாட்டில் வருது.

கண்மணி_திருச்சி:
சண்டை நடக்கட்டும். பொங்கல் லீவுல பிள்ளைங்களோட வர்றோம். எந்தப் பக்கம் குளிக்கலாம்?

பாம்பன்காத்து:
முனையில குளிக்காதீங்க அக்கா, கால் நனைக்கிறதோட சரி. தெக்க மன்னார் வளைகுடா, அதை ஆண்கடல்னு சொல்லுவோம், ஆளை இழுத்துரும். வடக்க இருக்கிற பெண்கடல் பாக்கக் குளம் மாதிரி இருக்கும், ஆனா முனை கிட்ட ரெண்டு நீரோட்டமும் சேருது, அதையும் நம்பாதீங்க. விடியக்காலையில வாங்க, கூட்டம் இருக்காது. கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தா, பிள்ளைங்களையும் கயித்தைப் பிடிக்கச் சொல்லுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.